பொறையும் பொறுப்பும்

இரு பொருள்களை எதிரெதிரே நிறுத்தி ஒப்புநோக்குதல் தமிழ்ப் புலமையின் பழைய வழக்கங்களுள் ஒன்று. வான்மீகியையும் கம்பனையும் ஒப்பிட்டோம். இளங்கோவடிகளையும் சாத்தனாரையும் ஒப்பிட்டோம். மட்டக்களப்பு நாட்டினராகிய நாம் வடமோடிக் கூத்தையும் தென்மோடிக் கூத்தையும் ஒப்பிட்டு விடிய விடிய வாதாடியும் இருக்கின்றோம். ஆயினும், நம் ஒப்பீடுகளுட் பல, "எது பெரிது?" என்னும் ஒற்றை வினாவிலே சென்று முட்டி நின்றுவிடுகின்றன. வடமோடியின் வீறு வேறு. தென்மோடியின் நயம் வேறு. போர்க்களக் கதைக்கு அமைந்த ஆட்டத்தைக் காதற்கதைக்கு அமைந்த ஆட்டத்தின் அளவுகோலால் அளப்பவன் இரண்டையும் இழப்பான். எதனை எக்களத்துக்கென்று ஆக்கினர், அக்களத்தில் அது யாது செய்தது, செய்தபின் அதனை ஆக்கியோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்னும் மூன்றையும் வினவுதலே நேரிய ஒப்பீடாகும்.

இம்முறையை இன்று நூல்களின்மேற் செலுத்தாது, இரண்டு மோட்டார் வண்டிகளின்மேற் செலுத்திப் பார்க்க எண்ணுகின்றேன். ஒன்று இங்கிலாந்து தந்த ஜாகுவார் டி வகை. மற்றொன்று ஜேர்மனி தந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். இரண்டும் 1955 ஆம் ஆண்டிலே ஒரே களத்தில் எதிர்நின்றவை. இரண்டும் இன்று காண்டற்கரியவை.

தமிழ்ப் பண்டிதனுக்கும் ஓட்டவண்டிக்கும் என்ன உறவு என்று நகைப்பாரும் உளராகலாம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். மறைந்துபோன யாழ்க்கருவியைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947 இல் யாழ்நூலை நமக்களித்தவர் அவர். கருவியைத் தொடுதல் புலமைக்கு இழுக்கு என்று அவர் எண்ணியிருப்பின் யாழ்நூல் ஏது? ஆதலின் நகைப்பாரை விடுத்து மேலே செல்வோம்.

சொல்லும் பொருளும்

இவ்வண்டிகள் ஓடிய போட்டிக்கு ஆங்கிலத்தில் 'என்டியூரன்ஸ் ரேஸ்' என்று பெயர். சில மணித்துளிகளுள் முடியும் விரைவோட்டம் அன்று இது. பிரான்சு நாட்டிலுள்ள லெ மான் என்னும் ஊரில் 1923 ஆம் ஆண்டு தொடங்கிய ஓட்டம் ஒரு பகலும் ஓர் இரவுமாக 24 மணி நேரம் நடைபெறுவது. ஓட்டுநர் இருவர் மாறி மாறி ஓட்டுவது அக்காலத்து வழக்கு. 24 மணி நேரத்தில் எவ்வண்டி மிகுதொலைவு ஓடிற்றோ அதுவே வென்றது. விரைவு மட்டும் உடைய வண்டி இங்கே நள்ளிரவுக்கு முன்னரே பழுதுற்று ஒதுங்கிவிடும். விரைவோடு தாங்குதலும் உடையதே விடியலைக் காணும்.

இதற்குத் தமிழில் யாது பெயரிடலாம்? 'பொறையோட்டம்' என்பது பொருந்தும் என்பேன். 'பொறு' என்னும் அடியினின்று பொறை, பொறுமை, பொறுப்பு என்னும் சொற்கள் பிறந்தன. பொறை என்பது சுமை, சுமத்தலும் ஆம், பிறர் செய்த தீங்கைத் தாங்கிக்கொள்ளுதலும் ஆம். பொறுப்பு என்பது ஒருவன் தன்மேல் ஏற்றுக்கொண்ட கடமை. எவன் சுமக்கின்றானோ அவனே விடை கூறவும் கடமைப்பட்டவன் என்னும் கருத்துத் தமிழ்ச்சொல்லின் கருவிலேயே கிடக்கின்றது. இக்கட்டுரையின் பொருளும் அதுவே. பொறை மட்டும் உடைய வண்டியும் மனிதரும் உண்டு. பொறையோடு பொறுப்பும் உடையார் சிலரே.

இவ்வகை ஓட்டம் நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012 ஆம் ஆண்டில் லெ மானில் ஓடி, தம் துணையோட்டுநரோடு ஆறாம் இடம் பெற்றார். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாயில் நிகழ்ந்த 24 மணி நேர ஓட்டத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது, வாகரை முதல் மட்டக்களப்பு வரை மாணாக்கர் நாவில் வேறு பேச்சில்லை. மாணாக்கர் பேசும் பொருளை ஆசிரியர் அறியாதிருத்தல் நன்றன்று. அறிந்தால் அப்பேச்சிற்குள்ளே ஓர் அறத்தையும் வைக்கலாம்.

இரு தேர்கள்

முதலில் ஜாகுவாரைக் காண்போம். இதன் உருவத்தை வரைந்தவர் மல்கம் சேயர் என்பவர். விமானத் தொழிற்சாலையிற் பயின்று வந்தவர் அவர். ஆகவே வண்டியின் உடலைக் காற்றோடு போராடாது காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவில் ஆக்கினார். ஓட்டுநரின் தலைக்குப் பின்னே விமானத்தின் வாலைப்போன்ற ஒரு செதில் நிமிர்ந்து நிற்கும். நேர்ப்பாதையிற் பெருவிரைவோடு செல்லும்போது வண்டி தடுமாறாதிருத்தற்கு அது துணை. வண்டியின் நடுப்பகுதி அலுமினியத் தகட்டாலாகிய ஒரு கூடு. முட்டையோடு எவ்வாறு உள்ளே தூணின்றியும் உறுதியாயிருக்கின்றதோ அவ்வாறே இக்கூடும் தகட்டின் வளைவினாலேயே வலிமை பெற்றது. எஞ்சின் ஆறு உருளைகளை உடையது. கொள்ளளவு ஏறத்தாழ 3.4 லீற்றர். இவ்வகையில் ஆக்கப்பட்ட வண்டிகள் நூற்றுக்கும் குறைவே.

மெர்சிடிஸ் வண்டியோ வேறொரு சிந்தையிற் பிறந்தது. மெல்லிய எஃகுக் குழாய்களைப் பின்னி அமைத்த சட்டகத்தின்மேல், மக்னீசியம் கலந்த மிக இலேசான உலோகத்தைப் போர்த்தினர். எட்டு உருளைகளும் ஒரே வரிசையில் அமைந்த 3 லீற்றர் எஞ்சின். பெற்றோல் ஒவ்வோர் உருளைக்குள்ளும் நேரே பீச்சப்படும். உருளையின் வால்வுகளைத் திறப்பதோடு மூடுவதற்கும் வில்லை நம்பாது இயந்திர உறுப்பையே அமைத்தனர். அக்காலத்தில் வேறெவரும் அத்துணை நுணுக்கத்தை ஓட்டவண்டியிற் புகுத்தினாரல்லர் என்றே கூறலாம். செய்யப்பட்டவை ஒன்பதே.

களத்தால் இவை வேறுபட்டன. லெ மான் பாதை அக்காலத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 13.5 கிலோமீற்றர் நீளமுடையது. அதிற் பெரும்பகுதி மழமழப்பான நேர்ப்பாதை. ஜாகுவார் அந்த ஒரு களத்தையே நெஞ்சில் நிறுத்தி ஆக்கப்பட்டது. கரடுமுரடான பாதையில் அதன் பெருமை குன்றும். மெர்சிடிஸ் எல்லாப் பாதைக்கும் என்று ஆக்கப்பட்டது. 1955 மே மாதத்தில் இத்தாலியில் நிகழ்ந்த 'மில்லே மில்யா' என்னும் ஆயிர மைல் ஓட்டம் அதனை மெய்ப்பித்தது. ஊர்த் தெருக்களும் மலைவழிகளும் கலந்த ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர்த் தொலைவை ஸ்டேர்லிங் மொஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஓடி முடித்தார்.

இவ்வெற்றியிற் புலவர்க்கு உவகை தரும் ஒரு செய்தி உண்டு. மொஸ்ஸின் அருகில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்ஸன் என்னும் பத்திரிகையாளர். பாதையின் ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் முன்னரே பார்த்து, ஏறத்தாழ 18 அடி நீளமான தாட்சுருளில் எழுதி, ஒரு பெட்டிக்குள் இரு தண்டுகளிற் சுற்றி வைத்திருந்தார். எஞ்சினின் ஓசையிற் பேச்சுக் கேளாது. ஆதலின் சுருளைப் பார்த்துப் பார்த்துக் கைச்சைகையால் வழி உணர்த்தினார். காணாத வளைவுக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்பதை ஏடு கூற, ஏட்டை நம்பி ஓட்டுநர் விரைந்தார். எழுத்தின் பயன் இதனினும் தெளிவாக விளங்கும் இடம் வேறுண்டோ?

இனி, இருவண்டிக்கும் உள்ள தலையாய வேற்றுமையைக் கூறவேண்டும். அது பிறேக்கு. மெர்சிடிஸ் வண்டியில் இருந்தது பழைய முறையான உருளைப் பிறேக்கு. மூடிய உருளைக்குள்ளே கட்டைகள் விரிந்து உரசிச் சில்லைத் தடுக்கும். உரசலிற் பிறக்கும் வெம்மை வெளியேற வழியின்றி உள்ளேயே அடைபட, அழுத்த அழுத்தப் பிடிப்புத் தளரும். ஜாகுவாரில் இருந்தது வட்டத்தகட்டுப் பிறேக்கு. சில்லோடு சேர்ந்து சுழலும் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது அது. தகடு காற்றில் திறந்து கிடப்பதால் வெம்மை விரைவில் ஆறும். 1953 இல் ஜாகுவார் லெ மானை வென்றதற்கு இப்பிறேக்கும் ஒரு பெருங் காரணம். இக்குறையை நன்கறிந்த ஜேர்மனியர், 1955 இல் லெ மானுக்கென ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே ஓர் அகன்ற பலகையை அமைத்தனர். வேகத்தைத் தணிக்க வேண்டுமிடத்தில் அது நிமிர்ந்து எழுந்து காற்றை மறிக்கும். ஓடும் வலிமையில் மெர்சிடிஸ் முந்திற்று; நிற்கும் வலிமையில் ஜாகுவார் முந்திற்று என்று சுருங்கக் கூறலாம்.

1955 ஜூன் 11

அன்று மாலை 4 மணிக்கு ஓட்டம் தொடங்கிற்று. ஜாகுவாரில் மைக் ஹோத்தோர்ன். மெர்சிடிஸில் ஆர்ஜெந்தீன நாட்டு ஃபான்ஜியோ. 24 மணி நேர ஓட்டம் என்பதை இருவரும் மறந்தார்போல, குறுந்தூரப் போட்டியினர் எனவே ஒருவரையொருவர் துரத்தினர். பொறையோட்டத்திற் பொறை நீங்கிய இடம் இதுவே.

மற்றொரு மெர்சிடிஸ் வண்டியில் லெவெக் என்னும் பிரெஞ்சுக்காரர் இருந்தார். அகவை 49. அவரது கதை தனியே ஒரு காவியத்துக்கு ஏற்றது. 1952 ஆம் ஆண்டு லெ மானில் துணையோட்டுநருக்கு இடங்கொடாது ஏறத்தாழ 23 மணி நேரம் தனியே ஓட்டி, யாவர்க்கும் முன்னே சென்று, கடைசி மணி நேரத்தில் எஞ்சின் உடைந்து தோற்றவர் அவர். அவர் இழந்த வெற்றி அன்று மெர்சிடிஸ் வண்டிக்கே கிடைத்தது. அந்நிறுவனத்தார் 1955 இல் அவரையே அழைத்துத் தம் வண்டியைக் கொடுத்தனர்.

மாலை 6 மணி 26 நிமிடம். ஹோத்தோர்ன் பெற்றோல் நிரப்புதற்காக, முன்சென்ற ஓஸ்டின் ஹீலி வண்டியைக் கடந்து, வலப்புறம் ஒதுங்கி வேகத்தைத் தணித்தார். அக்காலத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கும் ஓடும் பாதைக்கும் இடையே மதிலோ வேலியோ இல்லை. பின்வந்த ஓஸ்டின் ஹீலி மோதாதிருத்தற்காக இடப்புறம் விலகிற்று. அதற்குப் பின்னே பெருவிரைவில் வந்த லெவெக்குக்கு விலக இடமில்லை. தம் பின்னே வந்த தமக்கு லெவெக் கையுயர்த்தி எச்சரித்தார் என்று ஃபான்ஜியோ பிற்காலத்திற் கூறினார். அடுத்த கணம் மெர்சிடிஸ் முன்வண்டியின்மேல் ஏறி எறியப்பட்டு, பாதையோரத்து மண்மேட்டில் மோதிச் சிதறிற்று. எஞ்சினும் முன்னச்சும் கூட்டத்தினுள்ளே பாய்ந்தன. இலேசாயிருக்க வேண்டுமென்று தேர்ந்த மக்னீசிய உடல் வெண்டீயாய் எரிந்தது. நீர் ஊற்ற ஊற்ற அத்தீ மிகுந்ததேயன்றி அவியவில்லை. லெவெக்கும், பார்க்க வந்தோருள் 80 பேருக்கு மேற்பட்டோரும் மாண்டனர்.

ஜாகுவார் விரைவில் நின்றதும் பின்வந்தார் நிற்க இயலாததும் இவ்விபத்துக்கு ஒரு காரணம் என்று எழுதினோர் பலர். விசாரணை செய்தோர் எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. இத்துணை வேகத்தை எதிர்பாராத முன்னைக் காலத்திலே வகுத்த பாதையின் அமைப்பையே குறைகூறினர். வண்டிகள் வளர்ந்தன, பாதை வளரவில்லை. இக்கூற்றை வாசகர் நினைவிற் கொள்க. இறுதியில் இதற்கு மீள்வோம்.

நின்றவரும் ஓடியவரும்

ஓட்டம் நிறுத்தப்படவில்லை. கூட்டம் ஒருங்கே கலைந்தால் வழியடைபட்டு நோயாளர் வண்டிகள் செல்லவியலாது போகும் என்பது நடத்தினோர் கூறிய காரணம். லெவெக்கின் துணையோட்டுநராக இருந்த ஜோன் ஃபிச் என்னும் அமெரிக்கர், நம் வண்டிகளை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். செய்தி ஜேர்மனியில் இருந்த நிறுவனத் தலைமைக்குச் சென்றது. நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 1 மணி 45 நிமிடத்துக்கு, முதலாம் மூன்றாம் இடங்களில் ஓடிக்கொண்டிருந்த தம் வண்டிகள் இரண்டையும் மெர்சிடிஸ் நிறுவனத்தார் திரும்ப அழைத்துக்கொண்டனர். முதலில் நின்ற வண்டி அடுத்ததினும் இரண்டு சுற்று முன்னே இருந்தது. ஜாகுவார் அணியையும் விலகுமாறு அழைத்தனர், அவர்கள் இசையவில்லை. மறுநாள் மாலை ஹோத்தோர்னும் பியூப் என்பவரும் ஓட்டிய ஜாகுவார் 4,135 கிலோமீற்றர் ஓடி முதலிடம் பெற்றது. வெற்றிமது அருந்தும் ஹோத்தோர்னின் படம் பிரெஞ்சு இதழொன்றில் வெளிவந்து பெரும் பழிப்புக்கு இடமாயிற்று.

இங்கே இருபக்க வழக்கையும் கேட்டல் வேண்டும். மெர்சிடிஸ் விலகியது அறத்தால் அன்று, அச்சத்தால் என்பாருளர். போர் முடிந்து பத்தாண்டே சென்ற காலம். பிரெஞ்சு மண்ணிற் பிரெஞ்சு மக்கள் ஜேர்மன் வண்டியால் மாண்ட பின் வெற்றிமாலை சூடினால் உலகம் என் சொல்லும் என்று வணிகர் கணக்கிட்டனர் என்பது அவர் வாதம். ஜாகுவார் தொடர்ந்தது கல்நெஞ்சத்தால் அன்று; ஓட்டத்தை நடத்தினோரே தொடர்க என்றபோது விலகுதல் தம்மேற் பழியை ஏற்றுக்கொண்டதாய் முடியும் என்று அஞ்சினர் என்பது மறுபக்க வாதம். ஜாகுவார் நிறுவனத் தலைவர் வில்லியம் லயன்ஸ் தம் ஒரே மகனை, லெ மானுக்கு வரும் வழியில் நேர்ந்த வீதிவிபத்தில் அந்நாட்களிலேயே இழந்தவர் என்பதையும் எண்ணுக. துயரம் அறியாதவர்கள் அல்லர் அவர்கள்.

இவ்வாதங்களை எல்லாம் கேட்ட பின்னும் என் துணிபு இது. உள்ளத்தே அச்சம் இருந்ததோ அறம் இருந்ததோ, நாம் அறியோம். செயலை நாம் அறிவோம். கைக்கெட்டிய வெற்றியை இறந்தோர்முன் வைத்துவிட்டுச் சென்ற செயல் பெரிது. பழி நமதன்று என்று ஒருவன் நிறுவிவிடலாம். ஆயினும் துயர் நமது முற்றத்தில் நிகழ்ந்தது என்பதை மறுக்கவியலாது. பழி வேறு, பொறுப்பு வேறு. பழியை வழக்குமன்றம் பகிர்ந்தளிக்கும். பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஜாகுவாரை இதனால் தள்ளிவிடலாமோ? ஆகாது. அவ்வண்டி உலகுக்களித்த கொடை அதன் பிறேக்கு. இன்று வட்டத்தகட்டுப் பிறேக்கு இல்லாத கார் காண்பது அரிது. நம்மூர் இளைஞர் ஏறிச்செல்லும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் முன்சில்லிலும் அத்தகடு மின்னுவதைக் காணலாம். அது எத்தனை உயிரைக் காத்தது என்று எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே ஒப்பீட்டின் முடிவை இவ்வாறு கூறுவேன்: பாதையிலே நிற்கும் வகையை உலகுக்குக் கற்பித்தது ஜாகுவார், பாதையை விட்டே நிற்க வேண்டிய வேளையைக் கற்பித்தது மெர்சிடிஸ். ஒன்று பொறியின் அறிவு. மற்றொன்று மனத்தின் அறிவு. இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

நம் தேர்மரபு

இவ்வினா நம் முன்னோர்க்குப் புதிதன்று. அகநானூற்று முல்லைப்பாட்டு ஒன்றில், பிரிந்துசென்ற தலைவன் மனைவியைக் காணும் வேட்கையோடு விரைந்து வருகின்றான். காரோ வந்துவிட்டது, ஒவ்வொரு கணமும் அருமையானது. ஆயினும் வழியோரப் பூவிலே துணையோடு தேனருந்தும் வண்டினம் மணியோசைக்கு வெருவுமே என்று, தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகின்றான். விரையவும் வேண்டும், விரைவினால் வழியில் உள்ளார்க்கு இடுக்கண் வரவும் கூடாது. பார்க்க வந்தோரை மறந்த லெ மானின் பாதையையும், வண்டையும் மறவாத அத்தலைவனின் பாதையையும் மாணாக்கர் முன் ஒருங்கே வைத்துப் பாருங்கள்.

எல்லாள மன்னனின் கதை இன்னும் அண்மையது. மகன் ஏறிய தேர்ச்சில்லில் அகப்பட்டுப் பசுக்கன்று மாண்டதற்காக, அச்சில்லினாலேயே மகனைத் தண்டித்தான் என்று மகாவம்சம் கூறும். அதே நூல் மற்றொன்றையும் கூறும். எல்லாளனின் தேர்நுகம் ஒரு தூபியில் முட்டி 15 கற்கள் பெயர்ந்தன. அறியாது நிகழ்ந்ததாயினும், அவன் தேரினின்று இறங்கி வீதியிலே கிடந்து, என் தலையை இச்சில்லாலேயே கொய்க என்றான்; பின்னர் 15 கற்களுக்கு 15,000 பொன் செலவிட்டுத் திருத்தினான். வேற்றுச் சமயத்தார் கோயில், வேண்டுமென்று செய்ததும் அன்று, இருந்தும் இறங்கினான். தன்னை எதிர்த்தோர் பக்கத்து நூலே இவ்வாறு புகழ்கின்றது. தேரிலிருந்து இறங்குவதே தேரூர்ந்தவனின் பெருமையாதல் கூடும் என்பதை ஈழநாடு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது.

விலையும் மதிப்பும்

1955 ஆம் ஆண்டிறுதியில் மெர்சிடிஸ் நிறுவனம் ஓட்டக்களத்தை விட்டே விலகிப் பல்லாண்டு அகன்றிருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டத்துக்கென்று கூரையிட்டு அமைத்த 300 எஸ்.எல்.ஆர். வண்டிகள் இரண்டும் ஒரு போட்டியிலேனும் ஓடாமலே நின்றுவிட்டன. அவ்விரண்டுள் ஒன்று 2022 மே மாதத்தில் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. அதற்குமுன் எந்த வண்டியும் அவ்விலை பெற்றதில்லை. 1956 இல் லெ மானை வென்ற ஜாகுவார் டி வகை வண்டி 2016 இல் ஏறத்தாழ 2 கோடியே 18 இலட்சம் டொலருக்குச் சென்றது. வென்ற தேரினும் ஓடாத தேர் பன்மடங்கு விலை பெற்றது. மெர்சிடிஸ் விற்ற பணம் இளைஞர் கல்விக்கான உதவிநிதிக்கு என்று அறிவிக்கப்பட்டமை மகிழ்தற்குரியது.

ஆயினும் விலை என்பது அருமையின் அளவேயன்றிப் பயனின் அளவன்று. லெவெக்கின் துணையோட்டுநராயிருந்த ஜோன் ஃபிச், அன்று கண்டதை மறந்தாரல்லர். நெடுஞ்சாலைகளிற் பாலத்தூண் முதலிய ஆபத்தான இடங்களுக்கு முன்னே மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். தறிகெட்டு வரும் வண்டி மணலிற் புதைந்து மெல்ல நிற்கும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அப்பீப்பாய்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. எந்த ஏலத்திலும் அவற்றுக்கு விலையில்லை. 1955 இன் பொறையோட்டம் ஈன்ற மிக உயர்ந்த பொருள் எது என்று என்னைக் கேட்டால், ஒன்பது மெர்சிடிஸையும் அத்தனை ஜாகுவாரையும் ஒருபுறம் வைத்து, ஒரு பீப்பாய் மணலை மறுபுறம் வைப்பேன்.

நமது பாதை

வண்டிகள் வளர்ந்தன, பாதை வளரவில்லை என்றது லெ மானுக்குரிய குறை. எமது குறை அதன் மறுதலை. போராலும் 2004 ஆழிப்பேரலையாலும் சிதைந்து கிடந்த இக்கரையோரத்தில், இன்று திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை கண்ணாடிபோற் கிடக்கின்றது. ஊர்ந்து சென்ற காலம் போய், இன்று விரைந்து செல்கின்றோம். பாதை வளர்ந்துவிட்டது, அதிற் செல்வோரின் பொறுப்பு அவ்வளவு வளர்ந்ததோ? நேர்ப்பாதையைக் கண்டதும் இரு மோட்டார் சைக்கிள்கள் போட்டியிடுகின்றன. ஓரத்திலே வலையைத் தோளிலிட்டுச் செல்லும் மீனவனும், வெள்ளைச் சீருடையிற் பள்ளி செல்லும் பிள்ளையும், அந்தியில் வீடு திரும்பும் மாடும் ஓட்டப்போட்டிக்கு நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் அல்லர். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மாள்கின்றனர். லெ மானில் ஒரு நாளில் மாண்டோரின் தொகையை நாம் ஒவ்வோராண்டும் இருபது முறைக்கு மேல் வீதியில் இழக்கின்றோம். வரவு இடாப்பில் ஒரு மாணாக்கனின் பெயரைச் சிவப்பு மையால் வெட்ட நேர்ந்த ஆசிரியர்க்கு இத்தொகை வெறும் எண்ணன்று.

ஆதலின் மூவர்க்கு மூன்று சொல்வேன். சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியடைந்தான் என்று மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொடுக்கும் தந்தையார், சாரதி அனுமதிப்பத்திரமும் தலைக்கவசமும் முதலில், வண்டி பின்னர் என்று வரிசையை மாற்றுக. முல்லைப்பாட்டைப் பரீட்சைக்காக மட்டும் கற்பிக்கும் ஆசிரியத் தோழர், தேர்மணியின் நாவைக் கட்டிய தலைவனை இந்நெடுஞ்சாலையின்மேல் ஒருமுறை ஓட்டிக் காட்டுக. மாணாக்கரே, ஓட்டவீரரைப் போற்றுங்கள், குற்றமில்லை. போற்றும்போது அவர் ஓடிய வேகத்தை மட்டும் மனனம் செய்யாது, எவ்விடத்து எவ்வாறு நின்றார் என்பதையும் கேட்டறியுங்கள். பொறை உடையானை உலகம் வியக்கும். பொறுப்பு உடையானை நம்பித்தான் உலகம் வீதியில் இறங்கி நடக்கின்றது.